யார் சொல்ல, யார் கேட்க

ஆத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. ஜெராக்ஸ் என்று போர்டில் இருந்தாலும் பாதி வருமானம் டைப்பிங்கில்தான். தாலுக்கா ஆபீசுக்குக் கொடுக்கிற மனு, வாடகை ஒப்பந்தம், காதுகுத்துப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வாசகம் என்று எது வந்தாலும் அடித்து, பிழை பார்த்து, பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவள். பி.ஏ. தமிழில் சேர்ந்து பாதியில் கல்யாணமாகி நின்றுபோன படிப்பை, பையன் பத்தாம் வகுப்புக்குப் போன பிறகு தொலைநிலைக் கல்வியில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். வார நாளில் கடை, விடுமுறை நாளில் சேலத்தில் வகுப்பு. வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் வழியாகப் போகிற பஸ்ஸில்தான் பாதிப் பாடத்தைப் படித்தேன்.

கடைக்கு வருகிறவர்கள் புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இந்த வயசுல இலக்கியம் படிச்சு என்னம்மா பிரயோசனம்?"

இந்தக் கேள்வியைத் தமிழில் மிக உருப்படியாகக் கேட்டவர் ஒரு சேலத்துக்காரர் என்பதை வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்தவர் சேலம் இராமசாமி முதலியார். அங்கே கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த உ.வே.சாமிநாதையர் அவரைப் பார்க்கப் போனார். ஐயருக்கு அப்போது 25 வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். என்னென்ன படித்தீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று ஐயர் பட்டியலை நீட்டினார். முதலியார் அசையவில்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்றார். இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று சீவக சிந்தாமணியைக் கேட்டார். பிறகு தம்மிடம் இருந்த பிரதியையும் கொடுத்தார். அந்தக் கேள்வி ஐயரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பது ஊரறிந்த கதை. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அடுத்தடுத்து வந்தன.

ஆகவே பிரயோசனம் கேட்பதை நான் குத்தலாக எடுத்துக்கொள்வதில்லை. படிக்கிற ஒவ்வொரு தாளிடமும் அதைக் கேட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டேன். எங்கள் பாடத்திட்டத்தில் செய்யுளும் இலக்கணமும் ஒரு பக்கம், இதழியலும் மக்கள் தகவல் தொடர்பும் இன்னொரு பக்கம். முதல் பக்கம் மார்க்குக்கு, இரண்டாவது பக்கம் பிழைப்புக்கு என்றுதான் வகுப்பில் பேச்சு. எனக்கு அது அப்படிப் பிரிந்து நிற்கவில்லை. கடை மேசையில் உட்கார்ந்தால் இரண்டும் ஒரே வேலையைத்தான் கேட்டன.

வகுப்பைப் பற்றிக் கொஞ்சம். நேராகப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிள்ளைகள் சிலர். மற்றபடி ஒரு கண்டக்டர் அண்ணன், ஒரு நர்ஸ், பதவி உயர்வுக்கு டிகிரி தேவைப்படுகிற ஒருவர், பேத்தியோடு சேர்ந்து படிக்க வந்த ஓர் அம்மா. தமிழய்யா முதலில் எடுத்தது நன்னூல் பாயிரம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூல் அது. எழுத்து, சொல் என்று இறங்குவதற்கு முன்னால் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணவர்கள் எத்தனை வகை, பாடம் சொல்வது எப்படி, கேட்பது எப்படி என்று அது விரிவாகப் பேசுகிறது. அன்னமும் பசுவும் போன்றவர்கள் முதல் மாணவர். மண்ணும் கிளியும் போன்றவர்கள் இடை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றவர்கள் கடை. நெய்யரி நெய்யை ஒழுக விட்டு அழுக்கை மட்டும் வைத்துக்கொள்ளும். "நான் ஆடுங்கய்யா, எல்லாச் செடியிலயும் ஒரு வாய் கடிச்சிட்டு இறங்கிருவேன்" என்று கண்டக்டர் அண்ணன் சொல்ல, வகுப்பு அன்றைக்கே கலகலப்பாகிவிட்டது.

அதே பாயிரத்தில் ஒரு கணக்கும் உண்டு. ஆசிரியர் சொல்வதைச் சரியாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்குதான். உடன் பயில்கிறவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும். கைத்தொழில் செய்கிற யாரும் இதை மறுக்க மாட்டார்கள். என் கதையையும் இந்தக் கணக்குப்படியே சொல்லிவிடலாம்.

ஆசிரியர் தந்த கால் பங்கு குறுந்தொகை வகுப்பில் கிடைத்தது. நாலு அடியிலிருந்து எட்டு அடி வரைக்குமான சின்னப் பாட்டுகள். பொருள் சொல்லி முடிப்பதற்கு முன்பு ஐயா எங்களிடம் நாலு கேள்வி கேட்பார். யார் சொல்கிறார்? யாரிடம் சொல்கிறார்? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? இதைச் சொல்லி என்ன நடக்க வேண்டும் என்று நினைக்கிறார்? இந்த நாலும் தெரியாமல் சொல்லுக்குச் சொல் அர்த்தம் எழுதினால் மார்க் கிடையாது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்று இவற்றைத் தனித்தனியாக எண்ணி வைத்திருக்கிறது. எதுகை, மோனையைப்போலக் கேட்கிறவரும் செய்யுளுக்கு ஓர் உறுப்பு.

அதில் என்னைப் பிடித்துக்கொண்டது சிறைப்புறம் என்கிற ஏற்பாடு. தலைவன் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். வந்து நிற்பது தோழிக்குத் தெரியும். அவனோடு அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தலைவியிடம் பேசுகிறாள்: ஊர் இப்படிப் பேசுகிறது, அம்மா காவலை இறுக்கிவிட்டாள், மழையில் இந்த வழி ஆபத்து. ஒவ்வொரு வார்த்தையும் வேலிக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரத்தான். வெளிப்படையாக "கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்" என்று சொன்னால் அவன் கௌரவமும் கெடும், இவள் கௌரவமும் கெடும். இப்படிச் சொன்னால் வேலையும் நடக்கும், உறவும் நிற்கும். முகவரி ஒருவருக்கு, சேதி இன்னொருவருக்கு.

அடுத்த பருவத்தில் தகவல் தொடர்புத் தாள் வந்தது. ஹரால்ட் லாஸ்வெல் என்ற அமெரிக்கர் 1948இல் ஒரு சூத்திரம் போட்டார். யார், எதை, எந்த வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு சொல்கிறார்? அதே ஆண்டு கிளாட் ஷானன் என்ற தொலைபேசிக் கம்பெனிப் பொறியாளர், அனுப்பியது போய்ச் சேர்வதற்குள் நடுவில் இரைச்சல் புகுந்து என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டார். சின்னப் பிள்ளைகள் படம் வரைந்து அம்புக்குறி போட்டு மனப்பாடம் செய்தார்கள். எனக்கு மனப்பாடத்துக்கு வேலை இல்லை. செய்யுளியலை வேறு ஊர்க்காரர் வேறு காரணத்துக்காக எழுதிய மாதிரி இருந்தது. லாஸ்வெல்லிடம் வழி என்று ஒன்று கூடுதல், அவ்வளவுதான். பத்திரிகையும் வானொலியும் வந்துவிட்ட காலத்துக்கு அது தேவையும்கூட.

வானொலி என்றதும் அந்தத் தாளில் வந்த நம் ஊர் உதாரணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1960களில் ஆடுதுறை 27 என்ற புது நெல் தஞ்சாவூர் ஜில்லாவுக்கு வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றி விவசாயிகளுக்குத் தொடர்ந்து எடுத்துச் சொன்னது. ரேடியோவில் கேட்டு நட்டதால் மக்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நெல்லைக் கண்டுபிடித்த ஆராய்ச்சி நிலையத்தின் பெயர் பின்னுக்குப் போய், சேதி வந்த வழியே நெல்லுக்குப் பெயராக நின்றது.

இதெல்லாம் மேசைக்கு எப்படி வந்தது என்பதற்கு ஒரே ஒரு மனுவைச் சொல்கிறேன்.

ஓர் ஆயா வந்தார். புருஷன் பெயரில் புன்செய் நிலம். அவர் இறந்துபோனார். பட்டா இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. என்ன எழுதணும் என்று கேட்டதும் ஆயா தொடங்கினார்: "எங்க ஊட்டுக்காரரு போயிச் சேந்துட்டாரு கண்ணு. பெரியவன் திருப்பூருல பனியன் கம்பெனிக்குப் போறான். சின்னவன் லாரிக்குப் போயிட்டான். மரவள்ளி போட கடன் கேட்டா பட்டா உம்பேருல இல்லையேங்கறாங்க. அந்தக் காட்டுல கெணறு வெட்டுனப்ப நானும் அவரும் பட்ட பாடு இருக்கே…"

இதற்குக் கடைகளில் ஒரு வழக்கமான அச்சு உண்டு. கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும். பணிவான வணக்கத்துடன் தாழ்மையுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம் யாதெனில் என்று ஆரம்பித்து, மிகவும் ஏழ்மை நிலையில் வாழ்ந்துவரும் என்று நீண்டு, ஒரு பக்கம் முடிகிற இடத்தில்தான் பட்டா என்ற சொல்லே தலைகாட்டும். மக்களும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். நீளமாக இருந்தால்தான் கொடுத்த காசுக்கு எழுத்து.

நான் ஐயாவின் நாலு கேள்வியை எடுத்துக்கொண்டேன். யார் சொல்கிறார்? ஆயா, வாரிசு என்கிற முறையில். யாரிடம்? பெறுநர் என்ற இடத்தில் வட்டாட்சியர் இருப்பார். ஆனால் முதலில் அதைக் கையில் எடுத்துப் படிப்பவர் அந்தப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர். பிறகு விசாரிக்கப் போகிறவர் வி.ஏ.ஓ. முகவரி ஒருவருக்கு, சேதி வேறு இருவருக்கு. சிறைப்புறம் தாலுக்கா ஆபீசிலும் இருக்கிறது! எழுத்தருக்கு வேண்டியது இது எந்தக் கோப்பு என்பது. வி.ஏ.ஓ.வுக்கு வேண்டியது எந்தக் கிராமம், எந்த சர்வே எண், எத்தனை வாரிசு, அவர்களுக்குள் தகராறு உண்டா என்பது. நாலாவது கேள்வி, என்ன நடக்க வேண்டும்? பட்டா பெயர் மாற வேண்டும்.

இப்படி அடித்தேன்:

"பொருள்: வாரிசு முறையில் பட்டா பெயர் மாற்றம் கோருதல். என் கணவர் பெயரில் உள்ள கீழ்க்கண்ட புன்செய் நிலத்தின் பட்டாவை, அவருடைய வாரிசுகளான நான், என் இரு மகன்கள் ஆகிய மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்குள் ஆட்சேபம் இல்லை. மகன்களின் சம்மதக் கடிதங்களை இணைத்துள்ளேன்."

அதற்குக் கீழே கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு. அதற்குக் கீழே இணைப்புகள்: இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பழைய பட்டா நகல், ஆதார் நகல். அரைப் பக்கம்.

எழுதியதைத் திருத்துவதற்கும் நன்னூலிலேயே கருவி இருக்கிறது. ஒரு நூலில் இருக்கக் கூடாத குற்றம் பத்து, இருக்க வேண்டிய அழகு பத்து, பயன்படுத்த வேண்டிய உத்தி 32 என்று பவணந்தியார் பட்டியல் தருகிறார். குற்றங்களை மட்டும் ஒரு அட்டையில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். மனுவுக்கு அடிக்கடி வருகிற நோய் மற்றொன்று விரித்தல். பட்டாவைப் பற்றி ஆரம்பித்து, பங்காளி பேசிய பேச்சுக்குப் போய்விடுவது. அடுத்தது மிகைபடக் கூறல். கோயில் நோட்டீசுக்குக் கூறியது கூறல். அருள்மிகு என்று வரிக்கு வரி வரும். கல்யாணப் பத்திரிகைக்கு மயங்க வைத்தல். யார் மகன், யார் மருமகன், யார் அழைக்கிறார் என்று படிக்கிறவர் முழிப்பார். ஆனால் இளசுகள் வாட்ஸ்அப் பழக்கத்தில் எழுதிக்கொண்டு வருகிற விண்ணப்பங்களில் எதிர்ப்பக்கம்: குன்றக் கூறல். தேதி இருக்காது, இடம் இருக்காது, "ப்ளீஸ் ஹெல்ப்" இருக்கும். நீளத்தை மட்டும் பார்த்துத் திருத்த முடியாது என்பதற்காகத்தான் முனிவர் குறைவையும் மிகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்போல.

உடன் பயில்கிறவர்களால் வருகிற கால் பங்கு, ஓர் அசைன்மென்ட்டில் வந்தது. அறிவியல் செய்தி ஒன்றை உங்கள் ஊர் மக்களுக்கு ஒரு துண்டறிக்கையாக எழுதுக என்று கேட்டிருந்தார்கள். ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளியும் சேகோ ஃபேக்டரியும் உள்ள ஊர். மாவுப்பூச்சியைத் தவிர வேறு எதை எழுதுவது? தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பிய பூச்சி அது. 1970களில் ஆப்பிரிக்கா போய் அங்கே மரவள்ளியை அழித்தது. அனகைரஸ் லோபெசி என்ற, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சின்ன ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுபோய் விட்டு அங்கே அதை அடக்கினார்கள். அந்தப் பணிக்காக ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானிக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பூச்சி 2020இல் இந்தியாவில் தென்பட்டது. பெனின் நாட்டிலிருந்து அதே குளவியை வரவழைத்து வளர்த்து, 2022 மார்ச்சில் நம் பக்கத்து ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியில் விட்டார்கள்.

இவ்வளவையும் இதே வரிசையில் எழுதி வகுப்பில் வாசித்தேன். எல்லாரும் நல்லா இருக்கு என்றார்கள். நர்ஸ் அக்கா மட்டும், "ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க நோய் எந்த நாட்டுலேர்ந்து வந்துச்சுன்னு கேக்க மாட்டாங்கம்மா. நான் என்ன செய்யணும்னுதான் கேப்பாங்க" என்றார். ஊருக்கு வந்து, மரவள்ளி போடுகிற மாமாவிடம் வாசித்தபோது அவரும் அதையே வேறு விதமாகச் சொன்னார்: "மருந்து அடிக்கலாமா, கூடாதா? அத மொதல்ல சொல்லு." துண்டறிக்கையின் தலைப்பகுதி இப்படி மாறியது: "மரவள்ளிக் கொழுந்து சுருங்கிக் கொத்தாக நிற்கிறதா? இலைக்கு அடியில் வெள்ளை மாவு அப்பியிருக்கிறதா? கண்ட மருந்தை அடிக்காதீர்கள். மாவுப்பூச்சியைக் கொல்லும் நல்ல குளவியும் செத்துவிடும். ஏத்தாப்பூரில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்." ஆப்பிரிக்காவும் பரிசும் பின்பக்கத்துக்குப் போயின. கேட்கிறவரை வகுப்பறையில் கற்பனை செய்யலாம். எதிரில் உட்காரவைத்து வாசித்துக் காட்டுவது வேறு. அதற்குத்தான் கூட்டாளிகள் வேண்டும்.

ஆயாவின் மனுவுக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் அங்கே கதை முடியவில்லை. வாசித்துக் காட்டியதும் ஆயா முகம் சுருங்கிவிட்டது. "அவ்வளவுதானா கண்ணு? கெணறு வெட்டுன கதை எங்க?" என்றார். ஏன் எழுதவில்லை என்று விளக்கினேன். ஒத்துக்கொண்டார், காசையும் கொடுத்தார். ஆனாலும் அவர் கேட்டது சரியான கேள்வி. மனுவுக்கு வேண்டாம் என்று நான் வெட்டிப்போட்ட பகுதிதான் அந்த அம்மாவின் வாழ்க்கை. அதற்குக் கேட்போர் யார்? எழுத்தரும் இல்லை, வி.ஏ.ஓ.வும் இல்லை. லாஸ்வெல்லின் கட்டத்தில் யாருக்கு என்ற இடம் காலியாக நிற்கிறது. அந்தக் காலி இடத்தை நம்பி எழுதுவதைத்தான் இலக்கியம் என்கிறோம் என்று நினைக்கிறேன். கேட்கிறவர் இன்னும் வந்து சேரவில்லை. வருவார் என்று எழுதுவது.

இப்படி எழுத வைக்க முடியும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. நாமக்கல், ஆத்தூர் அரசுக் கல்லூரிகளில் தமிழ் கற்பித்தவர் எழுத்தாளர் பெருமாள்முருகன். நாமக்கல்லில் அவர் நடத்திய கூடு ஆய்வுச் சந்திப்புக்கு வந்துபோனவர்கள், பெரும்பாலும் மாணவர்கள், தங்கள் வாழ்க்கையில் சாதி எப்படி நுழைந்தது என்று ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள். அவர் தொகுத்த அந்தப் புத்தகம் 2013இல் 'சாதியும் நானும்' என்று வந்தது. அம்பை என்ற பெயரில் எழுதும் சி.எஸ்.லக்ஷ்மி அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். எழுதியவர்களில் பலர் அதற்கு முன்பு அச்சில் பெயர் பார்த்திராதவர்கள். எந்த அலுவலகத்திலும் மனுவாகக் கொடுக்க முடியாத விஷயங்கள். அவர்களும் கேட்போர் யாரென்று தெரியாமல்தான் எழுதினார்கள். ஆத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்து நான் படித்தபோது அந்தக் கேட்போரில் ஒருத்தியானேன்.

இப்போது மேசையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். மனுவில் வெட்டுகிற விஷயங்களைப் பெயர், ஊர் இல்லாமல் அதில் குறித்து வைக்கிறேன். கதை எழுத வருமா என்று தெரியாது. ஆனால் இரண்டு தாளில் இரண்டு விதமாக எழுதுகிற பழக்கம் வந்த பிறகு, மனுவும் சுத்தமாக வருகிறது, நோட்டும் சுத்தமாக இருக்கிறது. முன்பு இரண்டும் ஒன்றை ஒன்று கெடுத்துக்கொண்டிருந்தன.

மீதி அரைப் பங்கு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. கடையில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். பி.காம். முடித்தவள். யூனிகோடில் என்னைவிட வேகமாக அடிக்கிறாள். அவளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது கீபோர்டு இல்லை. யாராவது வந்து உட்கார்ந்தால் உடனே அடிக்க ஆரம்பிக்காதே, முதலில் முழுக்கக் கேள், பிறகு நாலு கேள்வி கேள் என்கிறேன். "எதுக்குக்கா இவ்வளவு? டெம்ப்ளேட் இருக்கே" என்றாள். அதற்குப் பதில் சொல்லப்போய்த்தான் செய்யுளியலை நானே இன்னொரு தடவை ஒழுங்காகப் படித்தேன். களனும் காலமும் ஏன் தனித்தனி உறுப்பு என்று அவள் கேட்டபோது சொல்லத் தெரியவில்லை. ஐயாவிடம் கேட்டு வந்து சொன்னேன். அந்த வாரம் கோயில் நோட்டீசில் நேரம் ஒரு மூலையிலும் இடம் இன்னொரு மூலையிலும் கிடந்ததை அவளாகவே எடுத்து ஒரே வரியில் சேர்த்துவிட்டாள்.

பாடத்திட்டம் போடுகிறவர்களிடம் கேட்க எனக்கு ஒன்று உண்டு. தகவல் தொடர்புத் தாளுக்கு ஒரு மனுவையும், செய்யுள் தாளுக்கு அந்த மனுவில் விடுபட்டதையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே ஆசிரியர் திருத்தட்டும். தமிழ் படித்தவர் எந்த வேலைக்கு லாயக்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் தவறில்லை, சொல்வதற்குப் பதில் இருக்கும்.